சி.சி.சி. கம்பெனி: பெருமந்தக் கால அமெரிக்காவின் காட்டு வேலை முகாம்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் வரலாற்றைப் புரட்டினால் "இந்தப் பாதையை சி.சி.சி. கம்பெனி 818 போட்டது" என்பது போன்ற வரிகள் அடிக்கடி வரும். சி.சி.சி. என்பது 1930களில் வேலையில்லாத இளைஞர்களைக் காட்டு வேலைக்கும் பூங்கா வேலைக்கும் எடுத்த அமெரிக்க அரசுத் திட்டம். கம்பெனி என்றதும் ஒப்பந்தம் எடுத்துக் கட்டிக்கொடுத்த வியாபார நிறுவனம் என்று நினைத்துவிட வேண்டாம். இது ராணுவக் கணக்கில் வரும் கம்பெனி. சுமார் 200 பேர் அடங்கிய பிரிவு. ஆனால் துப்பாக்கி கிடையாது, கவாத்தும் கிடையாது. கையில் இருந்ததெல்லாம் மண்வெட்டி, கோடரி, கடப்பாரை.

இப்படிப்பட்ட கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. எந்தக் கம்பெனியின் வரலாற்றை எடுத்துக்கொண்டாலும் அதன் எண், அதற்கிருந்த இரண்டு எஜமானர்கள், ஆறு மாதக் கெடு ஆகிய மூன்றும் பிடிபட்டால் மீதி தானாக விளங்கும்.

எப்படித் தொடங்கியது

1933இல் அமெரிக்க உழைப்பாளர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. பள்ளிப் படிப்பை முடித்த, அல்லது பாதியில் விட்ட பையன்கள் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். இன்னொரு பக்கம், மரம் வெட்டிய காடுகள் மொட்டையாகக் கிடந்தன. தெற்கிலும் நடுப்பகுதியிலும் விளைநிலத்தின் மேல்மண் மழையிலும் காற்றிலும் போய்க்கொண்டிருந்தது. இந்த இரண்டு பிரச்சினைகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார் புதிய அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

வேகத்தைப் பாருங்கள். மார்ச் 4 அன்று பதவியேற்றார். மார்ச் 31 அன்று சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் 7 அன்று முதல் பையன் பெயர் பதிந்தான். ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவின் ஜார்ஜ் வாஷிங்டன் தேசியக் காட்டில் 'கேம்ப் ரூஸ்வெல்ட்' என்ற முதல் முகாம் திறந்தாயிற்று. ஜூலை 1க்குள் இரண்டரை லட்சம் பேரைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது இலக்கு; அதையும் தாண்டினார்கள்.

சட்டத்தில் திட்டத்தின் பெயர் 'எமர்ஜென்சி கன்சர்வேஷன் ஒர்க்'. மக்கள் வாயில் முதலிலிருந்தே 'சிவிலியன் கன்சர்வேஷன் கோர்', சுருக்கமாக சி.சி.சி. அந்தப் பெயர் சட்டபூர்வமானது 1937இல்தான். அதனால் 1933 முதல் 1937 வரையிலான ஆவணங்களில் ஈ.சி.டபிள்யூ. என்று இருந்தால் வேறு திட்டமோ என்று குழம்ப வேண்டியதில்லை.

இயக்குநராக வந்தவர் ராபர்ட் ஃபெக்னர், இயந்திரத் தொழிலாளர் சங்கத் தலைவர்களில் ஒருவர். நாளுக்கு 1 டாலர் கூலி என்றதும் தொழிற்சங்கங்கள் முகம் சுளித்தன, ராணுவம் ஆளை நடத்துவதையும் சந்தேகித்தன. தொழிற்சங்கக்காரரையே தலைமையில் உட்கார வைத்தது அந்த முணுமுணுப்பை அடக்கத்தான்.

ஆள் எடுத்த விதம்

தொழிலாளர் துறையின் சார்பில் உள்ளூர் நிவாரண அலுவலகங்கள் ஆள் பொறுக்கின. தொடக்க விதி: 18 முதல் 25 வயது, திருமணம் ஆகாதவர், வேலை இல்லாதவர், குடும்பம் அரசு நிவாரண உதவியில் இருக்க வேண்டும். வயது வரம்பு 1935இல் 17–28 என்று விரிந்தது, 1937இல் 17–23 என்று சுருங்கியது.

தேர்வானவரை ராணுவம் வாங்கிக்கொள்ளும். மருத்துவப் பரிசோதனை, பெரியம்மை, டைஃபாய்டு தடுப்பூசி, உடுப்பு, உறுதிமொழி, பிறகு ராணுவ நிலையமொன்றில் சில நாள் உடம்பைத் தேற்றும் பயிற்சி. பல பையன்கள் பட்டினியில் மெலிந்து வந்தார்கள்; நேரே கோடரியைக் கொடுத்தால் தாங்காது. அங்கேயே 200 பேரைச் சேர்த்துக் கம்பெனியாக்கி, எண் கொடுத்து, ரயிலேற்றிவிடுவார்கள்.

மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் பையன் கைக்கே வராது. நேராக வீட்டுக்குப் போய்விடும். கையில் 5 டாலர். சோப்பு, சிகரெட், மிட்டாய், சனிக்கிழமை சினிமா எல்லாம் அதற்குள். 45 டாலர் வாங்கிய லீடர்களும் 36 டாலர் வாங்கிய உதவி லீடர்களும் பையன்களிலிருந்தே பொறுக்கப்பட்டவர்கள். நகரத்துப் பையன்களுக்கு மரம் வெட்டத் தெரியாது என்பதால் உள்ளூர் அனுபவசாலிகள் சிலரையும் கம்பெனிக்குள் சேர்த்தார்கள். அவர்களுக்கு வயது வரம்பு இல்லை. பக்கத்து ஊர்க்காரனுக்கு வேலை தராமல் எங்கிருந்தோ ஆள் கொண்டுவருகிறார்கள் என்ற புகாரும் இதனால் ஓரளவு அடங்கியது.

எண்ணைப் படிப்பது எப்படி

அன்றைய அமெரிக்க ராணுவம் நாட்டை 9 மண்டலங்களாகப் பிரித்திருந்தது. கம்பெனியின் எண்ணிலேயே மண்டலம் ஒளிந்திருக்கும். மூன்று இலக்க எண் என்றால் முதல் இலக்கம் மண்டலம். நான்கு இலக்கம் என்றால் இரண்டாவது இலக்கம்.

818 என்றால் எட்டாவது மண்டலம்: டெக்ஸஸ், ஓக்லஹோமா, நியூ மெக்ஸிகோ, அரிசோனா பக்கம். கேம்ப் ரூஸ்வெல்ட்டில் இறங்கிய கம்பெனி 322. மூன்றாவது மண்டலம், அதாவது பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா வட்டாரம். அரிசோனாவின் பெரும்பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனில் வெவ்வேறு காலங்களில் வேலை செய்த கம்பெனிகளில் 818, 819, 847, 2833 எல்லாம் எட்டாம் மண்டலத்தவை. அதே இடத்தில் 2543, 3318 என்ற எண்களும் தென்படும். முன்னது ஐந்தாம் மண்டலம் (ஒஹையோ, இண்டியானா, கென்டக்கி பக்கம்), பின்னது மூன்றாம் மண்டலம். ஆக, கிழக்கில் உருவான கம்பெனிகளை அரிசோனா வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள் என்பது எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. காரணம் எளிது: ஆள் அதிகம் கிழக்கில், காடும் பூங்காவும் அதிகம் மேற்கில்.

எண்ணுக்குப் பின்னால் எழுத்தும் வரலாம். 'வி' என்றால் முதல் உலகப் போரில் பங்கெடுத்த முன்னாள் படைவீரர்களின் கம்பெனி. 1933 மே மாதத்திலிருந்து அவர்களையும் வயது, திருமணக் கட்டுப்பாடு பார்க்காமல் சேர்த்தார்கள். 'சி' என்றால் கறுப்பினத்தவர் கம்பெனி. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டும்.

கம்பெனி எண் வேறு, முகாம் எண் வேறு. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கம்பெனி என்பது ஆட்கள். முகாம் என்பது இடம். கம்பெனி இடம் மாறினால் எண்ணைத் தன்னோடு எடுத்துப்போகும். முகாமின் எண் அந்த இடத்திலேயே நிற்கும், அடுத்து வேறு கம்பெனி வந்து குடியேறும். முகாம் எண்ணில் முன்னால் நிற்கும் எழுத்து வேலை யாருடையது என்று சொல்லும்: எஃப் என்றால் தேசியக் காடு, எஸ் என்றால் மாநிலக் காடு, பி என்றால் தனியார் காடு, என்.பி. என்றால் தேசியப் பூங்கா, எஸ்.பி. என்றால் மாநிலப் பூங்கா, எஸ்.சி.எஸ். என்றால் மண் பாதுகாப்புத் துறை.

ஒரு முகாம், இரண்டு எஜமானர்கள்

பையன்களை எழுப்பி, சோறு போட்டு, படுக்க வைப்பது ராணுவம். பகலில் வேலை வாங்குவது காட்டுத் துறை, பூங்காத் துறை அல்லது மண் பாதுகாப்புத் துறை. அதற்கு வேளாண் அமைச்சகமோ உள்துறை அமைச்சகமோ மேலே இருக்கும். (அமெரிக்க உள்துறை என்பது நிலம், பூங்கா, கனிமங்களைப் பார்ப்பது, காவல் துறையோடு சம்பந்தமில்லாதது.)

ராணுவத்தின் பக்கம் கம்பெனி கமாண்டர், அவருக்கடுத்த அதிகாரி, ஒரு மருத்துவர். முதலில் நிரந்தரப் படை அதிகாரிகளே வந்தார்கள். போகப்போக ரிசர்வ் அதிகாரிகள், அதாவது தேவைப்படும்போது பணிக்கு அழைக்கப்படுபவர்கள், அந்த இடத்தை நிரப்பினார்கள். பிற்பாடு இரண்டாம் உலகப் போரில் தலைமைத் தளபதியான ஜார்ஜ் மார்ஷல், முப்பதுகளில் வான்கூவர் பாரக்ஸ் உள்ளிட்ட நிலையங்களில் இருந்தபடி பல சி.சி.சி. முகாம்களை மேற்பார்த்தவர். வேலைத் துறையின் பக்கம் சூப்பரிண்டெண்டண்ட் ஒருவர், அவருக்குக் கீழே மேஸ்திரிகள், தேவைப்பட்டால் பொறியாளர். பாடம் நடத்த ஒரு கல்வி ஆலோசகர். படிப்பறிவே இல்லாமல் வந்த 40,000 பேருக்கும் மேல் முகாமில்தான் எழுதப் படிக்கக் கற்றார்கள்.

உரசல் எங்கே வந்தது? சமையல், பாத்திரம், விறகு, அலுவலக எழுத்துவேலை எல்லாவற்றுக்கும் கமாண்டருக்கு ஆள் வேண்டும். இருபது சொச்சம் பேரை அவர் முகாமிலேயே நிறுத்திக்கொள்வார். உடம்பு சரியில்லாதவர், விடுப்பில் போனவர், சொல்லாமல் ஓடிப்போனவர் என்று இன்னும் கழியும். காலையில் லாரி ஏறும்போது 200 பேர் கம்பெனியில் 150, 160 பேர் தேறினாலே சூப்பரிண்டெண்டண்டுக்குச் சந்தோஷம். அவரோ தண்டனை எதுவும் கொடுக்க முடியாது. வேலையில் ஒருவன் முரண்டு பிடித்தால் கமாண்டரிடம்தான் சொல்ல வேண்டும். கமாண்டரின் கையிலும் பெரிய பிரம்பு இல்லை: கூடுதல் வேலை, வெளியே போகத் தடை, மாதத்துக்கு மூன்று நாள் சம்பளத்துக்கு மிகாத அபராதம், கடைசியில் வீட்டுக்கு அனுப்புவது. இது சிப்பாய்களின் படை அல்ல. ராணுவ நீதிமன்றம் இங்கே செல்லாது. ஓடிப்போனவனைப் பிடித்துவர முடியாது, பெயரை அடிக்கலாம், அவ்வளவுதான்.

வேலை நடக்கும் இடம் முகாமிலிருந்து தொலைவில் இருந்தால் லாரிப் பயணத்திலேயே பாதி நாள் போய்விடும். அதற்காகக் கம்பெனியிலிருந்து சிறு குழுவைப் பிரித்துத் துணை முகாம் போடுவார்கள். சூப்பரிண்டெண்டண்டுகளுக்கு இது பிடிக்கும், கமாண்டர்களுக்குப் பிடிக்காது: சோறும் மருத்துவமும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டுமே.

ஒரு நாள் எப்படிப் போகும்

காலை 6 மணிக்கு ஊதுகுழல். சாப்பாடு, படுக்கை சீர்செய்தல், சோதனை. 8 மணிக்குள் லாரி. மதியச் சாப்பாடு வேலை இடத்திலேயே. மாலை 4 மணிக்குத் திரும்பி, குளித்து, 5 மணி சுமாருக்குக் கொடியிறக்கம், பிறகு இரவுச் சாப்பாடு. அதற்கப்புறம் வகுப்பு, சீட்டாட்டம், குத்துச்சண்டை, முகாம் பத்திரிகைக்கு எழுதுவது. இரவு 10 மணிக்கு விளக்கணைப்பு. வாரத்துக்கு 40 மணி நேர வேலை.

தொடக்கத்தில் ராணுவக் கூடாரங்கள்தான். பிறகு மரக் கட்டடங்கள் வந்தன: 40, 50 பேர் படுக்கும் நாலைந்து தங்குகூடங்கள், சமையலறையோடு சாப்பாட்டுக் கூடம், பொழுதுபோக்குக் கூடம், மருத்துவ அறை, குளியலறை, கழிப்பறை, அதிகாரிகள் குடியிருப்பு, கருவிக் கொட்டகை, லாரிக் கொட்டகை. சில ஆண்டுகளில் கழற்றி மாட்டக்கூடிய, ஒரே அளவில் அறுத்த கட்டடங்களுக்கு மாறினார்கள். முகாமை மூடினால் பிரித்து வேறிடத்தில் நிறுத்திவிடலாம். இன்று பல முகாம் இடங்களில் புகைபோக்கியும் சிமெண்ட் தளமும் தவிர வேறொன்றும் மிஞ்சாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கூடத்தில் கட்டில்களை ஒருவர் தலைமாடு பக்கத்தவர் கால்மாடாக வருமாறு மாற்றி மாற்றிப் போடுவது ராணுவப் பழக்கம். இருமல் எதிர் முகத்தில் படாமலிருக்கத்தான். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, நிமோனியா மூன்றும் இத்தகைய கூடங்களின் நிரந்தர எதிரிகள். ஒருவனுக்கு வந்தால் முகாமையே பூட்டிவைக்கும் நிலை வரும், வேலையும் நின்றுபோகும்.

வேலை என்றால் என்ன வேலை

சி.சி.சி. என்றதும் மரம் நடுவதுதான் எல்லாருக்கும் நினைவு வரும். ஒன்பது ஆண்டுகளில் 300 கோடிக்கும் மேல் நட்டார்கள் என்பது கணக்கு. ஆனால் நாற்றை மண்ணில் செருகுவதோடு முடியும் வேலையல்ல அது. இடைவெளி 6 அடிக்கு 6 அடி என்றால் ஏக்கருக்கு 1,210 நாற்று. ஆட்கள் வரிசையாக நின்று ஒரே வேகத்தில் நகர வேண்டும். ஒருவன் குழி போட, ஒருவன் நாற்று வைப்பான். வெற்று வேர் நாற்று என்பதால் ஈரச் சாக்கிலோ வாளித் தண்ணீரிலோதான் கொண்டுபோக வேண்டும். சில நிமிடம் வெயிலும் காற்றும் பட்டாலே நுனிவேர் காய்ந்துவிடும். மேலே பச்சையாகத் தெரிந்தாலும் நாற்று செத்த மாதிரிதான். குழி ஆழம் போதாவிட்டால் வேர் மடங்கி மேல்நோக்கி வளையும், மரம் பல ஆண்டு கழித்துக் காற்றில் சாயும். குதிகாலால் மிதித்து இறுக்காவிட்டால் வேரைச் சுற்றிக் காற்று தங்கிக் காய்ந்துபோகும். நட்டதை மேஸ்திரி இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்தால் திரும்ப நட வேண்டும்.

ஓடை அரிப்பைத் தடுக்கும் சிறு தடுப்பணைகள், தீ கண்காணிப்புக் கோபுரங்கள், தொலைபேசிக் கம்பி, காட்டுச் சாலை, பூங்காக் கட்டடங்கள் என்று வேலை விரிந்துகொண்டே போனது. காட்டுத்தீ வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். 1937 ஆகஸ்டில் வயோமிங்கின் ஷோஷோனி தேசியக் காட்டில் மின்னல் மூட்டிய பிளாக்வாட்டர் தீயில், வறண்ட காற்று திடீரெனத் திசை மாறியதால் தீயணைக்கப் போனவர்கள் சிக்கிக்கொண்டு 15 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் சி.சி.சி. பையன்கள். தீயிடம் ஆள் போய்ச் சேர ஆன தாமதத்தைப் பற்றிய விசாரணைகள், பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் முறைக்கு வழிவிட்ட காரணங்களில் ஒன்று.

818ஐ எடுத்துக்கொள்வோம்

கிராண்ட் கேன்யனுக்கு 818 வந்தது 1933 கோடைத் தொடக்கத்தில், வடக்கு விளிம்புக்கு. அது கடல்மட்டத்துக்கு 8,000 அடிக்கும் மேலே; குளிர்காலத்தில் பனி மூடிப் பாதை அடைபடும். பள்ளத்தாக்கின் அடியிலோ கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயில், குளிர்காலம் இதம். ஆகவே கோடையில் மேலே, குளிர்காலத்தில் கீழே ஃபேன்டம் ராஞ்ச் என்ற பயணிகள் தங்குமிடத்துக்குப் பக்கத்தில் என்று கம்பெனி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வண்டிப்பாதை கிடையாது. மாவு மூட்டை முதல் வெடிமருந்து வரை கோவேறு கழுதை முதுகில்தான் இறங்கியது.

இவர்கள் பெயர் நிற்பது ரிவர் டிரெயிலால். பிரைட் ஏஞ்சல் பாதையையும் சவுத் கைபாப் பாதையையும் கொலராடோ ஆற்றங்கரையோரமாக இணைப்பது. நீளம் சுமார் 2 மைல்தான். ஆனால் செங்குத்துச் சுவரில் பாதை குடைய வேண்டியிருந்தது. அந்தப் பழைய கரும்பாறைக்குப் பெயர் விஷ்ணு ஷிஸ்ட். 19ஆம் நூற்றாண்டில் நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் அங்கிருந்த சிகரங்களுக்கு விஷ்ணு, சிவன் என்று பெயரிட்டதன் தொடர்ச்சி அது. கயிற்றில் தொங்கியபடி ஜாக்ஹாமரால் துளைபோட்டு, மருந்து அடைத்து, வெடித்து, சிதறலைத் தள்ளி, மறுபடி துளை. 40,000 பவுண்டுக்கும் மேல் வெடிமருந்து செலவானது. 1933இல் தொடங்கிய வேலை முடிய 1936 ஆயிற்று. வெயில் காலத்தில் கீழே வேலை செய்ய முடியாது என்பதால் குளிர்காலம் குளிர்காலமாகத்தான் நகர்த்த முடிந்தது. கிளியர் கிரீக் பாதை, பள்ளத்தாக்கின் குறுக்கே போன தொலைபேசிக் கம்பி, ஃபேன்டம் ராஞ்ச் நீச்சல்குளம் ஆகியவற்றிலும் சி.சி.சி.யின் கை உண்டு. நீச்சல்குளத்தை 1972இல் மூடிவிட்டார்கள்.

பிரித்து வைத்த கம்பெனிகள்

சட்டத்தில் நிறம், இனம், மதம் பார்க்கக்கூடாது என்ற வாசகம் இருந்தது. அதைச் சேர்க்க வைத்தவர் அன்றைய காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் ஆஸ்கர் டி பிரீஸ்ட். நடந்தது வேறு. தென் மாநிலங்களில் முதலிலிருந்தே கறுப்பின இளைஞர்களைச் சேர்க்கத் தயங்கினார்கள். மற்ற இடங்களில் சில கம்பெனிகள் கலந்தே இருந்தன. 1935இல் ஃபெக்னர் முழுப் பிரிவினைக்கு உத்தரவிட்டார். பிரித்தாலும் உரிமை சமம்தானே என்று அவர் வாதாடினார். நிர்வாக வசதி என்ற பெயரில் சட்டத்தையே மீறியது இது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. 'சி' எழுத்துக் கம்பெனிகளுக்கு அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர்கள். கெட்டிஸ்பர்க் போன்ற சில முகாம்களில் மட்டும் கறுப்பின அதிகாரிகள் பொறுப்பேற்றார்கள். அமெரிக்கப் பூர்வகுடியினருக்குத் தனிப் பிரிவு இருந்தது. அதை ராணுவம் நடத்தவில்லை. இந்திய விவகாரத் துறை (இங்கே 'இந்திய' என்பது பூர்வகுடியினரைக் குறிக்கும்), அவர்களின் சொந்த நிலத்திலேயே நடத்தியது. அதனால் அங்கே கம்பெனி எண்ணைத் தேடினால் கிடைக்காது.

ஆவணத்தில் தேடுகிறவர்களுக்கு

பதிவு ஆறு மாதத்துக்கு. விரும்பினால் புதுப்பிக்கலாம், பொதுவாக இரண்டு ஆண்டு வரை. காலங்கள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குமாறு ஓடியதால், கம்பெனி இடம் பெயர்வதும் பழைய ஆட்கள் போய்ப் புதியவர்கள் வருவதும் அந்த மாதங்களை ஒட்டியே நடக்கும். 1934 கோடையில் எடுத்த கம்பெனிப் படத்தில் தாத்தா இருக்கிறார் என்பதற்காக, அதே கம்பெனி 1936இல் கட்டிய பாலத்தை அவர் கட்டினார் என்று முடிவு கட்டக்கூடாது. எண் அதேதான், ஆட்கள் முழுக்க வேறு.

படத்தில் தேதி இல்லாவிட்டால் உடுப்பைப் பாருங்கள். தொடக்க ஆண்டுகளில் முதல் உலகப் போரில் மிஞ்சிய பழுப்புப் பச்சை ராணுவ உடுப்பும், வேலைக்கு நீல டெனிமும். சி.சி.சி.க்கென்றே தைத்த கரும்பச்சை உடுப்பு வந்தது 1939இல்.

1935 ஆகஸ்டு வாக்கில் உச்சம்: ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், 2,600க்கும் மேல் முகாம்கள். அதன் பிறகு சுருக்கம். கம்பெனிகளைக் கலைத்து ஆட்களை வேறு எண்ணுக்கு மாற்றினார்கள். 1940இலிருந்து தொழிற்சாலைகளில் வேலை கிடைக்கத் தொடங்கியது, முகாமுக்கு ஆள் வரத்து குறைந்தது. 1942 ஜூன் இறுதியில் காங்கிரஸ் பணத்தை நிறுத்தியது. காலியான முகாம்களில் சில, போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்களின் பணியிடங்களாயின. சில போர்க் கைதி முகாம்களாயின. யூட்டாவின் மோவாப் பக்கம் இருந்த டால்டன் வெல்ஸ் முகாமில் 1943இல் ஜப்பானிய அமெரிக்கர்களைத் தனிமைப்படுத்தி அடைத்தார்கள்.

ஒருவரைப் பற்றித் தேடினால் முதலில் பார்க்க வேண்டியது அவருடைய பணி விடுவிப்புச் சான்றிதழ். எந்தக் கம்பெனியில், எந்த ஊரில், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, என்ன வேலை என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அது வீட்டில் இல்லையென்றால் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பணியாளர் கோப்புகள் உள்ளன. அங்கே கம்பெனி எண்ணைக் கொண்டு தேட முடியாது. முழுப்பெயர், பிறந்த தேதி, பதிவு செய்த ஊர் ஆகியவை தேவைப்படும்.